வேகம் குறைக்கச் சொல்லும் இத்தாலியச் சொற்கள்: கிரேட் பரீட்சைக்குப் பிள்ளையை ஆயத்தப்படுத்தும் யாழ்ப்பாணப் பெற்றோருக்கு

என் மகள் மேலைத்தேய சங்கீதத்தில் படிநிலை படிநிலையாக நடக்கும் கிரேட் பரீட்சைக்குப் பியானோவோடு முதன்முறை போனபோது, மூன்றாவது இசைத் துண்டின் முடிவில், கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாக்கச் சொல்லி ‘ரிட்.’ என்று போட்டிருந்த இடத்தில் சட்டென்று பாதி வேகத்துக்கு இறங்கி வாசித்தாள். பரீட்சகர் எழுதி அனுப்பிய குறிப்பில் அந்த இடம் தனியாகச் சொல்லப்பட்டிருந்தது. வீட்டில் கொப்பிகளைக் கிளறிப் பார்த்தபோது காரணம் விளங்கியது. வகுப்பில் கொடுத்த தாளில், இசைப் புத்தகத்தில் வரும் எட்டு இத்தாலியச் சொற்களுக்கு நேரே ‘மெதுவாக’ என்ற ஒரே விளக்கம்தான் இருந்தது. அடாஜியோவுக்கும் மெதுவாக, ரிட்டர்டாண்டோவுக்கும் மெதுவாக, ரிட்டெனூட்டோவுக்கும் மெதுவாக. தாளில் இருந்ததைத்தான் பிள்ளை செய்தாள்.

எனக்கு அப்போது மேலைத்தேய சங்கீதம் ஒன்றும் தெரியாது. அடுத்த பரீட்சைக்கு முன் அவளோடு சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். விண்ணப்பம், புத்தகம், பயணம் எல்லாவற்றிலும் பிழைவிட்டுத் திருத்தினேன். இப்போதுதான் தொடங்குகிறவர்கள் அதே வழியில் அலைய வேண்டாம் என்பதற்காக வரிசையாக எழுதுகிறேன். பிள்ளை பியானோ, வயலின், கீபோர்ட் எதைப் படித்தாலும் இது பொருந்தும். பாடசாலையில் சாதாரண தரத்துக்கு மேலைத்தேய சங்கீதம் எடுத்தவர்களுக்கும் உதவும்.

1. ‘மெதுவான’ சொல்லையும் ‘மெதுவாகும்’ சொல்லையும் பிரியுங்கள்

ஒரு கொப்பியின் ஒற்றையை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம், துண்டின் தொடக்கத்தில் மேலே எழுதியிருக்கும் நிலையான வேகங்கள்: லார்கோ, லெண்டோ, அடாஜியோ (மூன்றும் மெதுவானவை), அண்டான்டே (நடை வேகம்), மொடெராட்டோ (நடுத்தரம்), அலெக்ரோ (வேகமாக). வலப்பக்கம், நடுவில் வந்து வேகத்தை மாற்றும் சொற்கள்: ரிட்டர்டாண்டோ, ரலெண்டாண்டோ, ரிட்டெனூட்டோ, அலர்காண்டோ, கலாண்டோ முதலியவை.

இடப்பக்கத்துச் சொல், பஸ் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று சொல்கிறது. வலப்பக்கத்துச் சொல், சாரதி பிரேக்கில் கால் வைப்பதைச் சொல்கிறது. மெட்ரோனோம் என்பது வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி. பழைய சாவி மெட்ரோனோம்களில் அடாஜியோ நிமிடத்துக்கு 66 முதல் 76 அடி வரை, அண்டான்டே 76 முதல் 108 வரை என்று அச்சிட்டிருக்கும். ரிட்டர்டாண்டோவுக்கு அப்படி எண் எதுவும் இராது. அதற்கு எண் இருக்கவும் முடியாது, ஏனென்றால் அது ஒரு வேகமே அல்ல.

அடாஜியோ என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இத்தாலிய மொழியில் அதன் உட்பொருள் ‘அவசரமில்லாமல், வசதியாக’ என்பது. நாங்கள் ‘ஆறுதலாக வாங்கோ’ என்று சொல்கிறோமே, அந்த ‘ஆறுதலாக’ அப்படியே பொருந்துகிறது. மகளுக்கு இதைச் சொன்ன நாளிலிருந்து அவள் அடாஜியோத் துண்டை இழுபறியாக வாசிப்பதை விட்டாள்.

2. சொல்லின் வாலைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வைத்திருங்கள். இத்தாலியச் சொல் ‘ஆண்டோ’ அல்லது ‘எண்டோ’ என்று முடிந்தால், அதைத் தமிழில் ‘கொண்டு’ என்று மாற்றிப் படியுங்கள்.

ரிட்டர்டாண்டோ: தாமதித்துக்கொண்டு. ரலெண்டாண்டோ: மெதுவாகிக்கொண்டு. அலர்காண்டோ: அகன்றுகொண்டு. கலாண்டோ: இறங்கிக்கொண்டு. மொரெண்டோ: உயிர் அடங்கிக்கொண்டு. ‘கொண்டு’ என்றாலே நடந்துகொண்டிருக்கும் செயல். ஒரே அடியில் முடிந்துவிடாது. ஆகவே இவை எல்லாமே படிப்படியாகச் செய்ய வேண்டியவை. பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த கிரெஷெண்டோ (சத்தம் கூடிக்கொண்டு), டிமினுவெண்டோ (சத்தம் குறைந்துகொண்டு), அச்செலராண்டோ (வேகம் கூடிக்கொண்டு) மூன்றுக்கும் இதே வால்தான். அவற்றைப் படிப்படியாகச் செய்கிறவள் இவற்றையும் அப்படியே செய்யலாம்.

சொல் ‘ஊட்டோ’ அல்லது ‘ஆட்டோ’ என்று முடிந்தால் அது முடிந்துபோன செயல். லெகாட்டோ என்றால் கட்டப்பட்டது, ஸ்டக்காட்டோ என்றால் பிரிக்கப்பட்டது. ரிட்டெனூட்டோ என்றால் பிடித்துவைக்கப்பட்டது. அதில் ‘கொண்டு’ இல்லை. அந்தச் சொல் வந்த இடத்திலேயே வேகம் குறைந்திருக்க வேண்டும். ரிட்டர்டாண்டோவுக்கும் ரிட்டெனூட்டோவுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவும்தான். இதைத்தான் என் மகளின் தாள் விழுங்கியிருந்தது.

ஒரு விலக்கு உண்டு. ஸ்ஃபோர்சாண்டோவுக்கும் ‘ஆண்டோ’ வால் இருக்கிறது. ஆனால் அது ஒரு சுரத்தை மட்டும் திடீரென்று அழுத்தி வாசிக்கச் சொல்கிறது. அதற்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை.

3. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு காட்சி கொடுங்கள்

வரைவிலக்கணத்தைப் பாடமாக்கிய பிள்ளை பரீட்சைத்தாளில் எழுதும், கையில் வராது. நாங்கள் வீட்டில் ஒவ்வொன்றுக்கும் ஊரில் கண்ட காட்சி ஒன்றை வைத்துக்கொண்டோம்.

ரலெண்டாண்டோவுக்குள் ‘லெண்டோ’ என்ற சொல் ஒளிந்திருக்கிறது. சைக்கிளில் போகும்போது மிதிப்பதை நிறுத்தினால் அது தானாக ஓய்ந்து வருமே, அது ரலெண்டாண்டோ. ரிட்டர்டாண்டோ, யாழ்தேவி ஸ்டேசனுக்குள் வரும்போது சாரதி பார்த்துப் பார்த்து வேகத்தை இறக்குவது. பரீட்சைத்தாளில் இரண்டுக்கும் விடை ஒன்றுதான்: ‘படிப்படியாக மெதுவாகுதல்’. வாசிப்பவர்கள் சிலர் இரண்டுக்கும் உணர்வில் வேறுபாடு காண்பார்கள். தொடக்க கிரேட்டில் அதற்காக மினக்கெட வேண்டாம்.

அலர்காண்டோவுக்குள் ‘லார்கோ’ இருக்கிறது. பொருள் அகலுதல். இதற்கு நாங்கள் வைத்த காட்சி தேர். வீதி சுற்றி இருப்பிடத்துக்கு வரும்போது தேர் மெதுவாகும். ஆனால் அரோகராச் சத்தமும் மேளமும் கூடிக்கொண்டு வரும். வேகம் குறையும்போதே ஒலி பருத்து, அகன்று, கூடும். பெரும்பாலான பிள்ளைகள் மெதுவாகச் சொன்னால் சத்தத்தையும் சேர்த்துக் குறைத்துவிடுவார்கள். அலர்காண்டோவில் அப்படிச் செய்தால் பிழை. எழுத்துப் பரீட்சையிலும் ‘அகன்றுகொண்டு, சற்று மெதுவாக, பெரும்பாலும் சத்தம் கூடி’ என்று முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டும்.

கலாண்டோ, மாலையில் காற்று விழுந்துகொண்டு போவதுபோல. சத்தம் குறையும், பெரும்பாலும் வேகமும் கூடவே குறையும். மொரெண்டோ, கோயில் மணியின் கயிற்றை விட்ட பிறகு நாதம் தேய்ந்து அடங்குவது. ஸ்மோர்ட்சாண்டோவின் வினைச்சொல்லுக்கு விளக்கை நூர்த்தல் என்றே பொருள். திரி எண்ணெய் வற்றி நூர்ந்துகொண்டு வருவதை நினைத்தால் போதும். பெர்டெண்டோசி என்றால் ‘தன்னைத் தொலைத்துக்கொண்டு’. பின்னேரம் பாண் ஓட்டோ ஒழுங்கைக்குள் திரும்பிப் போகப் போக மெட்டு எங்கே நின்றது என்று சொல்ல முடியாமல் மறையுமே, அதுதான்.

மெனோ மோஸ்ஸோ வேறு வகை. ‘மெனோ’ குறைய, ‘மோஸ்ஸோ’ அசைவு. அசைவு குறைந்த புதிய வேகம் ஒன்றை அந்த இடத்திலிருந்து பிடித்து, வேறு சொல் வரும்வரை அதிலேயே நிலையாகப் போக வேண்டும். ‘பியூ’ என்றால் ‘அதிகம்’. ‘பியூ லெண்டோ’ என்றால் இன்னும் கூட மெதுவாக. இவற்றை உங்கள் ஒற்றையில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் நடுவே எழுதுங்கள்.

பக்கத்தில் ஒட்டிவரும் சிறு சொற்கள் சுலபம். ‘போக்கோ’ கொஞ்சம், ‘மொல்ட்டோ’ கனக்க, ‘சென்சா’ இல்லாமல். ‘போக்கோ ஆ போக்கோ’ நாங்கள் சொல்லும் ‘கொஞ்சம் கொஞ்சமாக’ போலவே இரட்டித்து வருகிறது. ‘சென்சா ரிட்.’ என்று முடிவில் கண்டால் வேகத்தைக் குறைக்கவே கூடாது. பழக்கத்தில் கை தானாக ஓயப் பார்க்கும், கவனம்.

4. ‘ரிட்.’ என்ற சுருக்கத்தை நம்பி ஏமாறாதீர்கள்

ரிட்டர்டாண்டோவையும் ‘ரிட்.’ என்று சுருக்குவார்கள், ரிட்டெனூட்டோவையும் சிலர் ‘ரிட்.’ என்றே சுருக்குவார்கள். ரிட்டெனூட்டோவுக்கு ‘ரிட்டென்.’ என்று நீட்டி எழுதியிருந்தால் சந்தேகமில்லை. வெறும் மூன்று எழுத்தும் புள்ளியும் என்றால் சுற்றிவரப் பார்க்க வேண்டும்.

பின்னால் துண்டு துண்டான கோடு நீண்டு போகிறதா? அது ரிட்டர்டாண்டோ, கோடு முடியும்வரை குறைத்துக்கொண்டு போக வேண்டும். ஒன்றிரண்டு சுரங்களுக்கு மேலே மட்டும் வந்து, உடனே அடுத்த பட்டையில் (இசைத்தாளில் இரண்டு நிமிர்கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) முன் வேகத்துக்குத் திரும்பச் சொல்லும் ‘ஆ டெம்போ’ இருக்கிறதா? அங்கே ரிட்டெனூட்டோவாக இருக்க வாய்ப்பு அதிகம். துண்டின் கடைசி இரண்டு, மூன்று பட்டைகளில் வந்தால் பெரும்பாலும் ரிட்டர்டாண்டோ. அந்த இசையமைப்பாளர் அதே துண்டில் வேறோர் இடத்தில் முழுச்சொல் எழுதியிருக்கிறாரா என்றும் பாருங்கள். இதற்குப் பிறகும் தெளிவில்லை என்றால் படிப்பிக்கும் ரீச்சரிடம் கேட்டு, எது என்று பென்சிலால் முழுச்சொல்லாக எழுதிவையுங்கள்.

எழுத்துப் பரீட்சையில் கண்ணைக் குழப்பும் சோடிகள் உண்டு. ரிட்டெனூட்டோ, டெனூட்டோ, சொஸ்டெனூட்டோ மூன்றும் ஒரே குடும்பத்துச் சொற்கள்; ஆனால் டெனூட்டோ ஒரு சுரத்தை முழு அளவுக்குப் பிடித்துவைப்பது, சொஸ்டெனூட்டோ ஒலியைத் தாங்கிப் போவது. ஸ்மோர்ட்சாண்டோவும் ஸ்ஃபோர்சாண்டோவும் ஓரெழுத்து மாறிய மாதிரி இருக்கும். ஒன்று அணைகிறது, மற்றது அடிக்கிறது. ‘ரிட்மிக்கோ’ என்ற சொல்லின் தலையைப் பார்த்து மெதுவாக்கிவிட வேண்டாம், அது தாளக்கட்டோடு வாசிக்கச் சொல்வது.

5. தொடங்கும் இடம், முடியும் இடம் இரண்டையும் குறியுங்கள்

ஒரு மென்மையான 2பி பென்சில், நல்ல அழிறப்பர் ஒன்று. பேனை கூடாது. சொல் தொடங்கும் அடிக்கு மேலே ஒரு சிறு நிமிர்கோடு. பிறகு கண்ணை முன்னோக்கி ஓட்டி, அந்த மெதுவாக்கல் எங்கே முடிகிறது என்று தேடுங்கள். முடிவு நான்கு விதமாக வரும்: ‘ஆ டெம்போ’ என்றால் சற்று முன் இருந்த வேகத்துக்குத் திரும்பு, ‘டெம்போ பிரீமோ’ என்றால் துண்டின் முதல் வேகத்துக்குத் திரும்பு, புதிய வேகச் சொல் ஒன்று வரலாம், அல்லது துண்டே முடியலாம்.

‘ஆ டெம்போ’வும் ‘டெம்போ பிரீமோ’வும் ஒன்றல்ல. அலெக்ரோவில் தொடங்கி, நடுவில் அண்டான்டேக்குப் போய், அங்கே ஒரு ரிட். வந்து, பிறகு ‘ஆ டெம்போ’ வந்தால் அண்டான்டேக்குத்தான் திரும்ப வேண்டும். ‘டெம்போ பிரீமோ’ வந்தால் அலெக்ரோவுக்கு. பல பிள்ளைகள் இடறும் இடம் இது.

கண் வரைந்ததுபோல அரைவட்டமும் நடுவில் புள்ளியும் உள்ள குறி வேறு விடயம். அது நிறுத்தக் குறி, ஃபெர்மாட்டா. ரிட். வேகத்தை மாற்றும், ஃபெர்மாட்டா அந்தச் சுரத்தில் அடியையே நிறுத்திவைக்கும். முடிவில் இரண்டும் சேர்ந்து வந்தால், முதலில் ரிட். முழுதாக நடந்து பிறகுதான் நிறுத்தம்.

பழைய துண்டுகளில், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் காலத்து இசையில், இந்தச் சொற்கள் அடைப்புக்குறிக்குள் இருந்தால் அவை பதிப்பாசிரியரின் ஆலோசனை. பின்பற்றலாம், ரீச்சரோடு பேசி மாற்றவும் செய்யலாம்.

6. கையில் கொண்டுவருதல்

இதில்தான் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. என் மகள் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு வாய்ப்பாட்டும் படித்தவள். சரளி வரிசையை முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்று பாடிப் பழகிய பிள்ளைக்கு, வேகம் என்றால் இரட்டிப்பது அல்லது பாதியாக்குவது. நடுவில் ஒன்றும் இல்லை. அதோடு காலப்பிரமாணம் விலகக் கூடாது என்று வருடக்கணக்காகத் தொடையில் தட்டிப் படித்திருக்கிறாள். அவளிடம் போய் ‘ரிட்.’ என்றால், ஒன்றில் வேகத்தைக் குறைக்காமல் நேரே போவாள், அல்லது விளம்பகாலத்துக்கு ஒரேயடியாக இறங்குவாள். பரீட்சையில் நடந்தது இரண்டாவது.

பிள்ளையின் தாளஞானத்தைக் குறை சொல்லாதீர்கள், அது பெரிய சொத்து. அதையே பயன்படுத்துங்கள். கச்சேரியில் கீர்த்தனை முடியும்போது பாடகர் பல்லவி வரியைக் கடைசித்தடவை எடுத்து இழுத்து நிறுத்துவதைக் கேட்கச் சொல்லுங்கள். ரிட்டர்டாண்டோ என்றால் என்ன என்று பிள்ளையின் காதுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது அப்போது விளங்கும்.

பிறகு ‘தகதிமி’. ஒவ்வொரு அடியையும் மனதுக்குள் தகதிமி என்று நான்காகப் பிரித்துச் சொல்ல வேண்டும். வேகம் 100 என்றால் ஓர் அடிக்கு 0.6 செக்கன், தகதிமியின் ஒவ்வோர் எழுத்துக்கும் 0.15 செக்கன். 60க்கு இறங்கினால் அடிக்கு 1 செக்கன், எழுத்துக்கு 0.25. அடியை மொத்தமாக நீட்டினால் குதிக்கும். நான்கு எழுத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினால் வழுக்கிக்கொண்டு இறங்கும். முதலில் கை தட்டி வாயால் மட்டும் செய்யுங்கள். வாய்க்கு வந்த பிறகு கருவிக்குப் போகலாம்.

எவ்வளவு குறைப்பது? வெறும் ‘ரிட்.’ இரண்டு பட்டைக்கு என்றால், கடைசி அடி தொடக்க அடியைப்போல ஒன்றரை மடங்கு நீளத்தைத் தாண்டாமல் இருந்தால் எங்களுக்குச் சரியாக வந்தது. இது சட்டமல்ல, என் மகளின் ரீச்சர் சொன்ன அளவு. ‘மொல்ட்டோ’ இருந்தால் இன்னும் போகலாம், ‘போக்கோ’ என்றால் அதில் பாதிகூட வேண்டாம்.

மெட்ரோனோமை இங்கே பாவிக்கும் முறை வேறு. ரிட். நடக்கும்போது அது உதவாது, முரண்டு பிடிக்கும். ரிட்டுக்கு முந்திய பட்டைகளையும் ‘ஆ டெம்போ’ பட்டைகளையும் தனித்தனியே ஒரே எண்ணில் வைத்துப் பழகுங்கள். பிறகு மெட்ரோனோமை நிறுத்திவிட்டு முழுவதையும் வாசித்து, போனில் பதிவு செய்யுங்கள். விரலால் தட்டினால் வேகத்தை எண்ணாகக் காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. பதிவைப் போட்டு, ‘ஆ டெம்போ’வுக்குப் பிறகு எந்த எண்ணில் போகிறாள் என்று தட்டிப் பாருங்கள். முதன்முறை பார்த்தபோது மகள் 100இல் தொடங்கி, ரிட். முடிந்து 84இல் திரும்பியிருந்தாள். திரும்பிவிட்டதாகவே அவள் நினைத்திருந்தாள். இந்தத் திரும்புதல்தான் மெதுவாக்குவதைவிடக் கடினம். ரிட்டின் கடைசி அடியிலேயே துண்டின் முதல் இரண்டு பட்டைகளை மனதுக்குள் பாடிப் பிடித்துக்கொள்ளச் சொன்னோம். இரண்டு கிழமையில் சரியானது.

கீபோர்ட் வைத்திருப்பவர்களுக்கு: தானாக ஓடும் தாளப் பின்னணியை நிறுத்திவிட்டுத்தான் இதைப் பழக வேண்டும். பின்னணி தன் வேகத்தில் ஓடும், பிள்ளை அதற்குப் பின்னால் இழுபடும். யமாஹா பிஎஸ்ஆர் வகைகளில் முடிவுப் பொத்தானுக்குப் பக்கத்தில் ‘ரிட்.’ என்றே எழுதியிருக்கும்; முடிவு ஓடும்போது அதை இன்னொருமுறை அழுத்தினால் பின்னணி படிப்படியாக மெதுவாகி நிற்கும். காதுக்குப் பழக்க அது நல்ல கருவி. பாண் ஓட்டோவில் வரும் பீத்தோவனின் ‘ஃபூர் எலீஸ்’ மெட்டு நாள்தோறும் கேட்டுக் கேட்டு, அந்தத் துண்டை ஒரே இறுக்கமான வேகத்தில் வாசிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நல்ல பியானோ வாசிப்பு ஒன்றைக் கட்டாயம் கேட்கக் கொடுங்கள்.

வயலின் போன்ற கருவிக்குப் பக்கத்தில் பியானோ வாசிப்பவர் ஒருவர் வேண்டும். இரண்டு பேருடைய தாள்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அவருடைய தாளில் மெதுவாக்கல் எந்த அடியில் தொடங்குகிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். குறைந்தது இரண்டு ஒத்திகையாவது இல்லாமல் போக வேண்டாம்.

7. புத்தகம்: போட்டோக் கொப்பி வேண்டாம்

நாங்கள் முதல்முறை போட்டோக் கொப்பி வைத்தே பழகினோம். பக்கத்தின் ஓரம் வெட்டுப்பட்டு, ஒரு துண்டில் ‘ஆ டெம்போ’வே இல்லாமல் போய்விட்டது. சிறிய சாய்வெழுத்துகளும் துண்டுக் கோடுகளும்தான் கொப்பியில் முதலில் மறைபவை. அவைதான் இந்த விடயத்துக்கு உயிர்.

அதைவிட முக்கியம், பரீட்சை அமைப்புகள் அனுமதியில்லாத போட்டோக் கொப்பியை ஏற்பதில்லை. கிரேட் புத்தகத்தை வாங்குங்கள், அல்லது இணையத்தில் உரிமத்தோடு விற்கும் பிரதியைப் பணம் கட்டி இறக்கிப் பற்றுச்சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். காப்புரிமை முடிந்த பழைய துண்டுகளின் பழைய பதிப்புகள் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். புத்தகம் யாழ்ப்பாணத்தில் இல்லாமல் கொழும்பிலிருந்து வரவேண்டியிருந்தால் நாள் எடுக்கும், ஆகவே துண்டைத் தெரிவு செய்த அன்றே சொல்லிவையுங்கள். பாவித்த புத்தகம் வாங்கினால், அந்தத் துண்டு இந்த வருடப் பாடத்திட்டத்தில் இன்னும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

8. விண்ணப்பம், செலவு, காலம்

இலங்கையில் பிள்ளைகள் அதிகம் எடுப்பவை இங்கிலாந்தைத் தளமாகக் கொண்ட ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி ஆகிய இரண்டு அமைப்புகளின் பரீட்சைகள். ஏபிஆர்எஸ்எம் செயன்முறைப் பரீட்சைக்கு மொத்தம் 150 புள்ளி. சித்திக்கு 100, மெரிட்டுக்கு 120, டிஸ்டிங்ஷனுக்கு 130. டிரினிட்டியில் மொத்தம் 100; முறையே 60, 75, 87. ஏபிஆர்எஸ்எம்மில் ஒரு துண்டுக்கு 30 புள்ளி. சுருதி, காலம், ஒலி, வடிவம், நிகழ்த்துதல் என்ற ஐந்தையும் பார்த்துத்தான் அதைப் போடுகிறார்கள். ரிட். பிழைத்தால் காலமும் வடிவமும் ஒன்றாக அடிபடும்.

எழுத்துப் பரீட்சையை எந்த கிரேட்டில் எழுதுவது என்று குழம்புபவர்களுக்கு: ஏபிஆர்எஸ்எம் முறையில் செயன்முறை 6ஆம் கிரேட்டுக்கும் அதற்கு மேலும் போக, 5ஆம் கிரேட் தியரி அல்லது அவர்கள் ஏற்கும் மாற்று ஒன்று வேண்டும். டிரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை. ஏபிஆர்எஸ்எம் தியரி 1 முதல் 5 வரை இப்போது இணையவழி. 75 புள்ளிக்கு 50 எடுத்தால் சித்தி. இந்த இத்தாலியச் சொற்கள் தொடக்க கிரேட்டிலிருந்தே வரும். வினா ஆங்கிலத்தில் இருக்கும். எனவே தமிழ்க் காட்சிக்குப் பக்கத்தில் ஆங்கில விளக்கத்தையும் பிள்ளை எழுதிப் பழக வேண்டும்.

ஆவணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பெயரில் கவனம். பிறப்புச் சான்றிதழில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலையே எழுதுங்கள். அப்பாவின் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்பதையும் பாடசாலைப் பதிவோடு ஒப்பிட்டுவிட்டே கொடுங்கள். ரீச்சர்மார் முப்பது நாற்பது பிள்ளைகளின் பெயரை ஒன்றாகப் பதியும்போது எழுத்து மாறும். எங்களுக்கு மாறியது. சான்றிதழ் வந்த பிறகு திருத்த அலைவதைவிட, பதிந்த விவரத்தின் ஒரு படத்தைப் போனுக்கு அனுப்பச் சொல்லிச் சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை.

கட்டணம் கிரேட்டுக்குக் கிரேட் கூடும், வருடத்துக்கு வருடம் மாறும். போன வருடம் எழுதியவரிடம் கேட்ட தொகையை நம்பிக் கணக்குப் போட வேண்டாம், அந்தத் தவணைக்கான தொகையையே கேளுங்கள். விண்ணப்பம் பரீட்சைக்குப் பல கிழமைகளுக்கு முன்பே மூடிவிடும், கட்டிய பணமும் பொதுவாகத் திரும்ப வராது. அதனால் மூன்று துண்டுகளும் கையில் வந்த பிறகே பதியுங்கள்.

கட்டணத்தைவிட மற்றச் செலவுகள்தான் எங்களை இடித்தன. நிலையம் எது என்று பதியும்போதே கேளுங்கள். கொழும்பு என்றால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் இருந்து இறங்கியவுடன் பிள்ளையைப் பரீட்சைக்குக் கொண்டுபோகாதீர்கள். நித்திரை இல்லாத பிள்ளைக்கு முதலில் கைவிடுவது வேகக் கட்டுப்பாடுதான். முதல் நாளே போய்த் தங்குங்கள். இரண்டு பேருக்குப் பயணம், ஓர் இரவுத் தங்கல், சாப்பாடு என்று கணக்கில் சேர்த்துவிடுங்கள். வயலின் என்றால் பியானோ வாசிப்பவரின் செலவும் இருக்கிறது.

பயணமே வேண்டாம் என்றால் ஒரு வழி உண்டு. ஏபிஆர்எஸ்எம் ‘பெர்ஃபோமன்ஸ் கிரேட்’ என்பதில் நான்கு துண்டுகளை வீடியோவாகப் பதிந்து அனுப்பலாம். ஸ்கேல் என்ற சுரவரிசையும், முன்பு காணாத தாளைப் பார்த்து வாசித்தலும் அதில் இல்லை. ஆனால் நான்கையும் நடுவில் நிறுத்தாமல் ஒரே பதிவாக எடுக்க வேண்டும். முதல் துண்டின் கடைசி ரிட்டில் இருந்து இரண்டாவது துண்டின் அலெக்ரோவுக்கு மாறுவதையும் பழக்குங்கள். மெதுவான முடிவின் நிழல் அடுத்த துண்டில் விழும்.

எங்களுக்குச் சரியாக வந்த கால அட்டவணை இது. பரீட்சைக்குப் பன்னிரண்டு கிழமைக்கு முன் எல்லா மாற்றச் சொற்களையும் தாளில் குறித்து முடித்தோம். பரீட்சைக்கு எட்டுக் கிழமை இருக்கும்வரை துண்டுகளை நிலையான வேகத்தில் மட்டும் வாசித்தாள், ரிட்டே இல்லாமல். அதன்பின் நான்கு கிழமை ரிட்டும் ‘ஆ டெம்போ’வும். கடைசி நான்கு கிழமை முழுத் துண்டு, நாளுக்கு ஒரு பதிவு. நிலையான வேகம் இறுகுவதற்கு முன் ரிட்டைப் பழக்கினால், கஷ்டமான இடமெல்லாம் பிள்ளை தானாக மெதுவாக்கிக்கொள்ளும். அது ரிட். அல்ல, தடுமாற்றம். பரீட்சகருக்கு இரண்டும் நன்றாகவே பிரித்துத் தெரியும்.

9. பரீட்சை நாள்

புத்தகங்கள், பற்றுச்சீட்டு, பதிவு விவரம், பென்சில், அழிறப்பர். கை குளிர்ந்திருந்தால் துடைக்க ஒரு துவாய். வெளியே காத்திருக்கும்போது புதிதாக எதையும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு துண்டின் முதல் இரண்டு பட்டைகளையும் மனதுக்குள் பாடிப் பார்க்கச் சொன்னால் போதும். உள்ளே போய் இருந்தவுடன் வாசிக்கத் தொடங்காமல், அதே இரண்டு பட்டைகளை இன்னொருமுறை மனதில் ஓட்டிவிட்டுத் தொடங்கலாம். அவ்வளவு நேரம் பரீட்சகர் காத்திருப்பார். இரண்டாம் முறை போன என் மகள் அப்படித்தான் செய்தாள். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு அந்த மௌனம் கேட்டது, பிறகு துண்டு, பிறகு கடைசி இரண்டு பட்டைகள் தகதிமி தகதிமி என்று நீண்டு நீண்டு வந்து நின்றன.